நீதிபதி நியூமனின் விசாரணையை வேறொரு குழுவிடம் கொடுங்கள்

அமெரிக்காவில் பேடன்ட் (காப்புரிமை) மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதித்துறைக் குழுவினருக்கு,

2025 ஆகஸ்டில் மூன்றாவது முறையாக உங்கள் சக நீதிபதி பாலின் நியூமனை, அவருடைய மனநலத் தகுதி பற்றிய விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி, ஓராண்டுக்கு வழக்குகளிலிருந்து விலக்கி வைத்தீர்கள். முதல் உத்தரவு 2023 செப்டம்பரில் வந்தது, இரண்டாவது 2024 செப்டம்பரில். அவருக்கு அப்போது வயது 98. உத்தரவில் ஓராண்டு, ஓராண்டு என்றுதான் எழுதுகிறீர்கள். 98 வயதில் ஓராண்டு என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் தடுமாறும். ஆங்கிலப் படி தனியாகத் தபாலில் உங்களுக்கு வரும்.

நான் வழக்கறிஞர் இல்லை, பேடன்ட் ஏஜென்ட்; கண்டுபிடிப்பாளர்களுக்காகப் பேடன்ட் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவள். உங்கள் நீதிமன்றத்தில் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேச எனக்கு உரிமை கிடையாது. வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் சதுக்கத்தில் இருக்கும் உங்கள் கட்டடத்துக்குள் பாதுகாப்புச் சோதனை முடித்து, பின்வரிசை மர பெஞ்சில் உட்கார்ந்து, மேடையில் பச்சை விளக்கு மஞ்சளாகிச் சிவப்பாவதைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். ஆனால் 2001 முதல் மருந்து மூலக்கூறுகளுக்கு கிளெய்ம் (உரிமை எதுவரை என்று சொல்லும் வாசகம்) எழுதித்தான் பிழைக்கிறேன். நீங்கள் 12 பேர் எழுதுவது மறுநாள் காலையில் என் மேசையில் சட்டமாக வந்து விழும். அந்த வகையில் உங்களோடு 24 வருடப் பழக்கம் எனக்கு, உங்களுக்கு என்னைத் தெரியாவிட்டாலும்.

திருச்சியில் வேதியியல் படித்தவள் நான். இந்த வேலைக்கு வந்த புதிதில், பேடன்ட் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் ஒரு வேதியியல் முனைவர் இருக்கிறார், அதுவும் ஒரு பெண், என்று அலுவலகத்தில் யாரோ போகிறபோக்கில் சொன்னார்கள். அன்று மாலையே அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1927இல் நியூயார்க்கில் பிறந்தவர். வாசர் கல்லூரி, கொலம்பியா, பிறகு 1952இல் யேல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முனைவர் பட்டம். அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் ஆய்வு வேதியியலாளர். 1954இல் எஃப்.எம்.சி. நிறுவனத்துக்குப் போய், அங்கே இருந்துகொண்டே 1958இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்து, அந்த நிறுவனத்தின் பேடன்ட் துறைக்கே தலைவரானவர். நடுவில் 1961–62இல் பாரிசில் யுனெஸ்கோ வேலை. பேடன்ட் மேல்முறையீடுகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே நீதிமன்றம் வேண்டும் என்ற யோசனை கார்ட்டர் காலத்தில் உருவானபோது அந்த ஆலோசனையிலும் அவர் இருந்தார். அப்படி 1982இல் பிறந்ததுதான் உங்கள் நீதிமன்றம். பழைய நீதிமன்றங்களிலிருந்து வந்து சேராமல் நேராக அதற்கென்றே நியமிக்கப்பட்ட முதல் நீதிபதியும் அவர்தான். 1984இல் ரேகன் நியமித்தார். தான் கட்டிய வீட்டுக்குள் தனக்கு நாற்காலி இல்லை என்ற நிலையில் இன்று இருக்கிறார்.

அவரை ‘மாறுபட்ட தீர்ப்புக்காரர்’ என்று தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அமர்வில் மூன்று பேர் என்றால் இரண்டுக்கு ஒன்று என்று அந்த ஒன்றாக நிற்பவர் பல நேரம் அவர்தான். எங்கள் அலுவலகத்தில் இதைக் கிண்டலாகவும் சொல்வார்கள், மரியாதையாகவும் சொல்வார்கள். மரியாதைக்குக் காரணம் உண்டு.

2000 நவம்பரில் ஃபெஸ்டோ வழக்கில் உங்கள் முழு அமர்வு ஒரு தீர்ப்பு எழுதியது. விண்ணப்பம் ஆய்வாளர் முன்னால் இருக்கும்போது நாங்கள் கிளெய்மில் ஏதாவது ஒன்றைக் குறுக்கித் திருத்தினால், குறுக்கிய அந்த அம்சத்தைப் பொறுத்தவரை ‘இதற்குச் சமமானதும் எனக்குரியதுதான்’ என்று பின்னால் வாதாடவே முடியாது என்றது அது. முழுத் தடை. நான் வேலைக்குச் சேர்ந்தது அதற்குச் சில மாதம் கழித்து. என் மூத்த சகா தன் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ‘திருத்தாதே’ என்று மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார். கிளெய்மைத் திருத்தாமல் பேடன்ட் வாங்குவது, தோசையைத் திருப்பாமல் சுடுவது மாதிரி. முடியும், எப்போதாவது. ‘மெத்தில் அல்லது எத்தில்’ என்று இருப்பதை ‘மெத்தில்’ என்று குறுக்கலாமா வேண்டாமா என்று நாலு பேர் உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்கப் பேசியிருக்கிறோம். ஏற்கெனவே கொடுத்த ஆயிரக்கணக்கான பேடன்ட்களின் மதிப்பு ஒரே நாளில் குறைந்துபோனது. அந்த முழுத் தடைக்கு உடன்படாதவர்களில் நீதிபதி நியூமனும் ஒருவர். 2002இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த முழுத் தடையை நீக்கியது. மஞ்சள் சீட்டும் அன்றைக்குக் குப்பைக்குப் போனது.

இன்னும் உண்டு. மருந்து ஆய்வில் பேடன்ட் உள்ள மூலக்கூறுகளை எதுவரை பயன்படுத்தலாம் என்ற மெர்க்–இன்டெக்ரா வழக்கில் 2003இல் அவர் மாறுபட்டு எழுதினார், 2005இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக உங்கள் பெரும்பான்மைத் தீர்ப்பை ரத்து செய்தது. எஸ்.ஏ.எஸ். என்ற நிறுவனத்தின் வழக்கிலும் அவர் மாறுபட்டார், 2018இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பக்கமே வந்தது. எப்போதும் அவர்தான் சரி என்று சொல்லவில்லை. நோய் கண்டறியும் பேடன்ட்கள் பற்றி அவர் எழுதிய சிலவற்றோடு எனக்கே ஒத்துப்போவதில்லை.

ஆனால் ஒரு வழக்கை மட்டும் நீங்கள் ஒவ்வொருவரும் தேதிவாரியாக இன்னொரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன். ரூடிசில் என்ற முன்னாள் ராணுவ வீரரின் வழக்கு. வெவ்வேறு காலங்களில் மூன்று முறை ராணுவத்தில் பணிபுரிந்து, இரண்டு தனித்தனிக் கல்வி உதவித் திட்டங்களுக்குத் தகுதி பெற்றவர். இரண்டையும் சேர்த்து 48 மாதம் வரை பெறலாமா, 36 மாதத்தோடு முடிந்ததா என்பது கேள்வி. 2022 டிசம்பரில் உங்கள் முழு அமர்வு 10க்கு 2 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாறுபட்ட இருவர் நீதிபதி ரேனாவும் நீதிபதி நியூமனும். நியூமனுக்கு அப்போது 95 வயது. 2023 மார்ச்சில், அதாவது மூன்றே மாதத்தில், அவருடைய மனநலத் தகுதி பற்றிய விசாரணையை உங்கள் தலைமை நீதிபதி தொடங்கினார். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று அந்த வீரருக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. அந்தச் செய்தி வந்த நாளில் நியூமன் உங்கள் உத்தரவின்படி வழக்கு இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

தீர்ப்பு சரியாக இருந்ததாலேயே நினைவாற்றலும் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. அது எனக்குத் தெரியும். கிளார்க்குகள் இருக்கிறார்கள், எழுதித் தர ஆள் உண்டு. விசாரணைக்கும் அந்த வழக்குக்கும் முடிச்சுப் போடவும் இல்லை. 95 வயதில் அவர் மூளை வேலை செய்த விதத்துக்குப் பொதுவில் கிடக்கும் சான்று எது என்று யாராவது கேட்டால், நான் எடுத்து நீட்டக்கூடியது அதுதான்.

உங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். தீர்ப்பு எழுதத் தாமதம் என்றீர்கள். மறதி, குழப்பம், ஊழியர்களிடம் நடந்துகொண்ட விதம் என்று நீதிமன்ற ஊழியர்கள் பலர் சொன்னதைப் பதிவு செய்தீர்கள். அந்த ஊழியர்கள் பொய் சொன்னார்கள் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஒரு நீதிபதியின் கீழ் வேலை பார்ப்பவர் வாய் திறப்பது சாதாரண விஷயமில்லை. நீங்கள் நியமிக்கும் நரம்பியல் மருத்துவரிடம் போகச் சொன்னீர்கள், மருத்துவ ஆவணங்களைக் கேட்டீர்கள், நேரில் வந்து பேசச் சொன்னீர்கள். அவர் மறுத்தார். தானே தேர்ந்த மருத்துவர்களின் அறிக்கைகளைக் கொடுத்தார். போதாது என்றீர்கள். சரி, தன் மருத்துவரைத் தானே பார்த்துக்கொண்டால் அது விசாரணை ஆகாது என்பது நியாயமான ஆட்சேபணைதான்.

ஆனால் அந்த நியாயம் உங்களுக்கும் பொருந்துமே. புகாரைத் தொடங்கியது உங்கள் தலைமை நீதிபதி. விசாரித்த மூவர் குழுவிலும் அவர் இருந்தார். தண்டனை முடிவு செய்தது அவரும் சேர்ந்த நீங்கள். சாட்சி சொன்னவர்கள் உங்கள் கட்டடத்தில் சம்பளம் வாங்குபவர்கள். நியூமன் 39 வருடமாக உங்களோடும் உங்களுக்கு முன்னால் இருந்தவர்களோடும் மாறுபட்டு எழுதியவர். இதில் யாருக்கும் உள்நோக்கம் இருந்திருக்க வேண்டியதே இல்லை. ஏற்பாடே கோணல்.

இதை நான் சட்டப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டில் தெரிந்துகொண்டேன்.

என் அம்மா கும்பகோணம் பக்கத்தில் 34 வருடம் கணக்கு டீச்சர். அப்பா போன பிறகு, 81 வயதில் என்னோடு மேரிலாந்தில் வந்து தங்கினார். ஆறு மாதத்தில் இரண்டு முறை பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, பாத்திரம் கருகிப்போனது. என் மகன் பெயரைச் சொல்லித் தங்கை மகனைக் கூப்பிட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது. நினைவுக் குறைபாட்டுக்கென்றே இருக்கும் ஒரு மருத்துவமனையில் நேரம் வாங்கினேன். மருத்துவர் முதலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இருபது நிமிடம் கேட்டார். கருகிய பால், மாறிய பெயர், எல்லாம் சொன்னேன். பிறகுதான் அம்மாவை உள்ளே அழைத்தார்கள். என்னையும் மூலையில் உட்கார வைத்து, பேசக் கூடாது என்றார்கள்.

வட்டம் வரைந்து எண்களைப் போட்டு, பதினொன்று பத்து மணி காட்டச் சொன்னார்கள். அம்மா வரைந்தது இன்னும் என்னிடம் இருக்கிறது. காம்பஸ் வைத்து வரைந்தது போல வட்டம், முள் இரண்டும் இடம் தவறாமல். அதன் பிறகு ஐந்து ஆங்கிலச் சொற்களை வாசித்து, ஞாபகம் வைத்துக்கொண்டு திரும்பச் சொல்லச் சொன்னார்கள். அதில் ஒன்று ‘டெய்சி’. அம்மா என் பக்கம் திரும்பி, “டெய்சின்னா என்னடி?” என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதைக் கணக்கு டீச்சர் சட்டென்று முடித்துவிட்டு, ஐந்து சொல்லில் இரண்டைத்தான் சொன்னார். மதிப்பெண் குறைவு. மருத்துவர் சொன்னதும் எனக்கு ஆச்சரியமே வரவில்லை, ஏனென்றால் முடிவு ஏற்கெனவே என்னிடம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் வங்கிக் கணக்கில் கையெழுத்தை மாற்றும் படிவத்தைத் தேடினேன்.

தங்கைக்குப் போன் செய்து சொன்னேன். அவள் சென்னையில் இருக்கிறாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அக்கா, குத்தம் சொன்னது நீ, டாக்டரைப் பிடிச்சது நீ, முடிவு எடுத்ததும் நீ. அம்மாவை யாரு கேட்டா?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. கூடவே இருந்து பார்த்துக்கொள்பவளுக்குத்தான் கஷ்டம் தெரியும், தூரத்தில் இருந்து பேசுவது சுலபம் என்று கத்தினேன். (கூடவே இருப்பவர்களுக்குத்தான் தெரியும் என்பது உங்கள் பக்கத்து வாதமும்கூட.)

அம்மாவை இன்னொரு மருத்துவரிடம் காட்டலாம் என்றேன். வர முடியாது என்றுவிட்டார். நோய் இருப்பதால்தான் மறுக்கிறார் என்று அன்றைக்கு உறுதியாக நம்பினேன். இரண்டு வாரம் கழித்துத் தங்கையிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்: “டாக்டர்கிட்ட போக மாட்டேன்னு நான் சொல்லலை. இவளோட போக மாட்டேன்னுதான் சொன்னேன். நீ கூட்டிட்டுப் போ.”

அந்த டிசம்பரில் சென்னையில் தங்கை கூட்டிக்கொண்டு போனாள். தமிழில் கேட்டார்கள். முதலில் காதைப் பார்த்தார்கள். இரண்டு காதும் பாதி கேட்கவில்லை. காதுக்கு மெஷின் வைத்து ஒரு மாதம் கழித்து மறுபடி சோதித்தார்கள். கொஞ்சம் மறதி இருக்கிறது, வயதுக்கேற்ற மறதியைவிட ஒரு பிடி அதிகம், அடுப்பைத் தனியாகப் பயன்படுத்த வேண்டாம், கணக்கு வழக்கு தாராளமாகப் பார்க்கலாம் என்றார்கள். அம்மா மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து அடுப்புப் பக்கம் போகவில்லை. என் வருமான வரிக் கணக்கில் போன வருடம் ஒரு தவறு கண்டுபிடித்துக் கொடுத்தார்.

நான் சொன்னதில் பாதி சரியாகத்தான் இருந்தது, பாருங்கள். பால் கருகியது உண்மை. ஆனாலும் சோதனையை நடத்த வேண்டிய ஆள் நானில்லை.

இப்போது உங்கள் உத்தரவுக்கு வருகிறேன். அதில் நீதிபதி நியூமன் தகுதியற்றவர் என்று நீங்கள் முடிவு செய்யவில்லை. விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை, அதுவே முறைகேடு என்று முடிவு செய்து, அதற்காக விலக்கி வைத்தீர்கள். ‘இவர் வேலை செய்யத் தகுதியானவரா’ என்று 2023இல் எழுந்த கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. பதில் இல்லாத கேள்விக்கு மூன்று வருடத் தண்டனை ஓடிக்கொண்டிருக்கிறது. பதில் கிடைக்க வழி இருந்தும் அதை நீங்கள் திறக்கவில்லை என்பதுதான் என் புகார்.

அந்த வழி உங்கள் விதிகளிலேயே இருக்கிறது. நீதிபதிகளின் நடத்தை தொடர்பான விதிகளில் 26ஆம் விதி, இப்படிப்பட்ட புகாரை வேறொரு சர்க்யூட்டின், அதாவது வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்ற வட்டாரத்தின், குழுவுக்கு மாற்றித் தரும்படி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கேட்க இடம் தருகிறது. இது தூசி படிந்த விதியும் அல்ல. 2013இல் நீதிபதி எடித் ஜோன்ஸ் மீதான புகார் டெக்சாஸ் பக்கத்திலிருந்து வாஷிங்டன் குழுவுக்குப் போனது. 2017இல் நீதிபதி கொசின்ஸ்கி மீதான புகார் மேற்குக் கரையிலிருந்து நியூயார்க் போனது. 2018இல் நீதிபதி கவானா மீதான புகார்கள் டென்வர் போயின. அங்கெல்லாம் சக நீதிபதிகள் தங்கள் சக நீதிபதியை விசாரிக்கக் கூடாது என்று பட்டிருக்கிறது. உங்களுக்கு மட்டும் ஏன் படவில்லை? 12 பேர் கொண்ட, ஒரே கட்டடத்தில் உள்ள, நாட்டிலேயே மிகச் சிறிய சர்க்யூட்களில் ஒன்று உங்களுடையது. மாற்றித் தர இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஆகஸ்டில், உங்கள் உத்தரவை எதிர்த்து அவர் போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டதே என்பீர்கள். செய்தது. பழைய முன்தீர்ப்பு கையைக் கட்டுகிறது என்று சொல்லித்தான் செய்தது. உங்கள் உத்தரவைத் தன்னால் மறு ஆய்வு செய்ய முடியாது என்றுதான் பெரும்பாலும் அது சொன்னது. செய்தது நியாயம்தான் என்று அதில் எங்கும் நான் படிக்கவில்லை.

இங்கே ஃபெடரல் நீதிபதிகளுக்கு உள்ள ஆயுள் பதவி எனக்குப் பிடித்த ஏற்பாடும் அல்ல. நான் வளர்ந்த நாட்டில் உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயதிலும் உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதிலும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதில் எனக்குக் குறையே தெரிந்ததில்லை. ஆனால் இந்த நாட்டின் அரசியலமைப்பு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரின் நீதிபதி ஜான் பிக்கரிங் மனநலம் தடுமாறி, குடித்துவிட்டு நீதிமன்றத்துக்கு வந்தார் என்று குற்றம் சாட்டினார்கள். அவரைக்கூட 1804இல் செனட்தான் விசாரித்து நீக்கியது. கான்சஸில் நீதிபதி வெஸ்லி பிரவுன் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வழக்கு கேட்டார், 2012இல் 104 வயதில் பதவியிலிருந்தபடியே இறந்தார். ஆயுள் பதவி வேண்டாம் என்றால் அரசியலமைப்பைத் திருத்தட்டும். ஒவ்வொரு ஆண்டும் சக நீதிபதிகள் கூடி ஒருவருடைய ஆயுளிலிருந்து ஒரு வருடத்தைக் கழிப்பது அதற்கு மாற்றாகாது.

நான் கேட்பது இவை. இந்த விசாரணையை முழுவதும் வேறொரு சர்க்யூட்டின் குழுவுக்கு மாற்றும்படி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ராபர்ட்சுக்கு இந்த ஆண்டே எழுதுங்கள். அந்தக் குழு, இரு தரப்பும் ஏற்கும் மருத்துவர்களை நியமிக்கட்டும். உங்களிடமும் அவரிடமும் சம்பளமோ கடனோ இல்லாதவர்களாக இருக்கட்டும். ஊழியர்கள் சொன்னதையும் அவர்களே கேட்கட்டும், பெயர் வெளியே வராமல். அதுவரை அவருக்குச் சில வழக்குகளையாவது, மூவர் அமர்வில் இருவர் துணையோடு, திருப்பிக் கொடுங்கள். மாற்றம் நடக்காவிட்டால்கூட, நான்காவது ஆண்டு உத்தரவு என்று ஒன்றை எழுதாதீர்கள்.

நீதிபதி நியூமனுக்கும் ஒரு வரி: வேறு குழு வந்தால் நீங்கள் போய் உட்கார வேண்டும், அவர்கள் சொல்வதை ஏற்க வேண்டும். அப்படித்தான் நீங்களும் சொல்லி வந்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

அந்தக் குழு அவரால் முடியாது என்று கண்டால், அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நிரந்தர இயலாமை என்று நீதித்துறைக் குழு குடியரசுத் தலைவருக்குச் சான்று எழுதலாம், கூடுதலாக ஒரு நீதிபதியை அவர் நியமிக்கலாம். அப்படி வந்தால் நானும் ஏற்றுக்கொள்கிறேன், வருத்தத்தோடு.

பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. 26ஆம் விதியின் கீழ் மாற்றம் கேட்பதில்லை என்று முடிவு செய்தால், அதற்கான காரணத்தை மட்டும் என்னைப் போன்றவர்களுக்கும் புரியும்படி பொதுவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பேடன்ட் ஏஜென்ட்,
மேரிலாந்து